செம்பு விழுங்கும் நிறம்

செம்பு ஏன் சிவந்திருக்கிறது? குடத்தைப் புளி போட்டுத் துலக்கும்போது நமக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி வல்லம் வடகால், ஒரகடம் என்று பரந்து கிடக்கும் ஆலை வட்டாரத்தில் லேசர் வெல்டிங் பார்ப்பவர்களுக்கோ இது பிழைப்போடு ஒட்டிய கேள்வி.

எஃகுத் தகடுகளைப் பற்றவைக்கும் லேசர்கள் பெரும்பாலும் அகச்சிவப்பில் வேலை செய்பவை. அவற்றின் அலைநீளம் 1,000 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். மனிதக் கண் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 வரை என்பதால் இந்தக் கற்றை நமக்குத் தெரியாது. எஃகு அதைப் போதுமான அளவு உள்வாங்கி உருகிவிடும். அதே கற்றையைத் துலக்கிய செம்பின் மேல் விட்டால் 95 சதவீதத்துக்குக் குறையாமல் அப்படியே திரும்பி வரும். சரி, ஆற்றலைக் கூட்டுவோம் என்று கூட்டினால் வேறு தொல்லை. உருகிய செம்பு திடச் செம்பைவிட அதிகமாக ஒளியை ஏற்கும். ஒன்றுமே நடக்காமல் இருந்த இடம் திடீரென்று கொதித்துத் தெறிக்கும். பற்றவைத்த இடத்தில் குமிழும் ஓட்டையும் மிஞ்சும்.

பெட்ரோல் கார்கள் மட்டும் ஓடிய காலத்தில் இது பெரிய தலைவலியாக இருக்கவில்லை. மின்காரின் மோட்டார் சுருளும் பேட்டரி இணைப்புப் பட்டைகளும் செம்பை நம்பியவை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் மின்சாரக் கிரெட்டா 2025 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. இந்த வட்டாரத்துக்கும் செம்புக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விடை செம்பின் நிறத்திலேயே இருக்கிறது. வெள்ளை ஒளி விழும்போது செம்பு நீலத்திலும் பச்சையிலும் பெரும்பங்கை விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அது சிவப்பு. சிவப்பையே திருப்பி அனுப்பும் பொருள் அதற்கும் அப்பால் உள்ள அகச்சிவப்பை ஏற்காததில் வியப்பில்லை. 515 முதல் 532 நானோமீட்டர் வரையிலான பச்சை ஒளியில் சுமார் 40 சதவீதத்தைச் செம்பு உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆக, செம்பைப் பற்றவைக்கப் பச்சை லேசர் வேண்டும்.

இங்கேதான் புதிர். சிக்கனமாக, பெரிய ஆற்றலில், கூர்மையான கற்றையாகக் கிடைக்கும் லேசர்கள் நியோடிமியம், இட்டெர்பியம் என்ற தனிமங்களை நம்பியவை. இரண்டும் தருவது அகச்சிவப்பு. ஆனால் ஆலைகளுக்கு விற்கப்படும் பச்சை லேசர் பலவற்றின் உள்ளே இருப்பதும் இதே அகச்சிவப்பு லேசர்தான். அதன் பாதையில் சர்க்கரைக் கட்டி அளவுகூட இல்லாத ஒரு தெளிந்த படிகம். ஒரு பக்கம் 1,064 நுழைகிறது, மறுபக்கம் 532 வெளியே வருகிறது. சரி பாதி அலைநீளம், அதாவது இருமடங்கு அதிர்வெண்.

இது சாதாரண விஷயமில்லை. தண்ணீர், கண்ணாடி, வைரம் எதற்குள் போனாலும் சிவப்பு சிவப்பாகத்தான் வெளியே வரும். வண்ணக் கண்ணாடி நிறத்தை மாற்றுவதுபோல் தெரிந்தாலும் அது செய்வது வடிகட்டல். உள்ளே வராத நிறத்தை அதனால் தர முடியாது. இந்தப் படிகம் தருகிறது. எப்படி?

ஒளி என்பது அலையும் மின்புலம். அது ஒரு பொருளுக்குள் புகுந்தால் அங்குள்ள எலெக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டும். ஆடும் எலெக்ட்ரான் அதே தாளத்தில் ஒளியைத் திருப்பி உமிழும். கண்ணாடி வழியே ஒளி போவது என்றால் இந்த ஆட்டமும் உமிழ்வும் வரிசையாக நடப்பதுதான். ஆட்டம் சிறிதாக இருக்கும்வரை தாளம் பிசகாது.

ஆட்டம் பெரிதானால் என்ன ஆகும் என்பதை ஊர்த் திருவிழாவில் கேட்டிருப்போம். மைக் செட்காரர் ஒலியை முழுக்க ஏற்றிவிட்டால் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு கரகரக்கும். உள்ளே அதிரும் மெல்லிய தகட்டால் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்க முடியவில்லை; அலையின் உருவம் சிதைகிறது. சிதைந்த அலையை ஆராய்ந்தால் பாடகர் பாடாத சுரங்கள் அதில் சேர்ந்திருக்கும்: பாடிய அதிர்வெண்ணின் இருமடங்கு, மும்மடங்கு. இருமடங்கு என்பது கீழ் ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம். இதில் ஒரு நுட்பம் உண்டு. தகடு முன்னால் போகும்போதும் பின்னால் வரும்போதும் ஒரே அளவு சிரமப்பட்டால் மும்மடங்கு, ஐமடங்கு என்று ஒற்றைப்படைச் சுரங்கள்தான் பிறக்கும். இரட்டைப்படை பிறக்க வேண்டுமானால் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் தகடு அசைய வேண்டும். கோணல் வேண்டும்.

எலெக்ட்ரானுக்கும் இதே விதி. கூட்டிய அளவுக்கேற்ப நேராகக் கூடாத இந்த நடத்தையை நேரியலாமை என்கிறோம்; இதை ஆராயும் துறைக்கு நேரியலா ஒளியியல் என்று பெயர். எலெக்ட்ரானை ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த் திசையில் கடினமாகவும் நகர விடும் பொருள் நமக்கு வேண்டும். கண்ணாடியிலும் நீரிலும் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் தாறுமாறாகத் திரும்பியிருப்பதால் கோணல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சமையல் உப்பு ஒழுங்கான படிகம்தான். ஆனால் அதன் அடுக்குக்கு ஒரு மையம் உண்டு, அதைச் சுற்றி எதிரெதிர்த் திசைகள் ஒரே மாதிரி இருக்கும். உப்பு தேறாது. சர்க்கரைப் படிகத்துக்கு அப்படிச் சமச்சீர் மையம் இல்லை. நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் சீனியின் மேல் வலுவான அகச்சிவப்பு லேசர் துடிப்பைப் பாய்ச்சினால் மங்கலாகப் பச்சை தெரியும். படிகங்களைச் சமச்சீரின்படி 32 வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 21 வகுப்புகளுக்கு மையம் இல்லை.

அப்படியென்றால் வெயிலில் கிடக்கும் சீனி ஏன் நிறம் மாற்றுவதில்லை? அணுவுக்குள் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 50,000 கோடி வோல்ட். வெயிலின் மின்புலம் மீட்டருக்கு ஆயிரம் வோல்ட் அளவுதான். எலெக்ட்ரான் அசைவதே தெரியாது. இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் வீச்சு முழுக்க ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுகிறது. நாம் பார்க்கும் சிவப்பின் இருமடங்கு அதிர்வெண் புற ஊதாவில் போய் விழும். வெயிலில் நமக்குத் தெரியும் ஒளிக்கு இது நடந்திருந்தாலும் நம் கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே லேசர் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தியோடர் மைமன் முதல் மாணிக்க லேசரை இயக்கியது 1960 மே மாதம். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் மூன்று தோழர்களும் மாணிக்க லேசர் ஒன்றின் 694.3 நானோமீட்டர் சிவப்புத் துடிப்பைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் குவித்தார்கள். வெளியே வந்த ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் புகைப்படத் தகட்டில் பதித்தபோது 347.2 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி விழுந்தது. படிகத்தை எடுத்துவிட்டால் புள்ளி இல்லை. குவார்ட்ஸுக்குப் பதில் கண்ணாடி வைத்தாலும் இல்லை. புள்ளி லேசர் விளக்கிலிருந்து கசிந்த ஒளியல்ல என்று காட்ட இதைவிட எளிய சோதனை கிடையாது. பத்துக் கோடி ஒளித்துகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் மாற்றம் நடந்திருந்தது. கட்டுரை 1961 ஆகஸ்டில் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்தது. அச்சில் புள்ளியைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது, புள்ளி இல்லை. அச்சுக்குத் தயார் செய்தவர்கள் அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள் என்பது இயற்பியலாளர்கள் அலுக்காமல் சொல்லிச் சிரிக்கும் கதை.

பத்துக் கோடியில் ஒன்றை வைத்துக்கொண்டு செம்பைப் பற்றவைக்க முடியாது. ஏன் இவ்வளவு குறைவு? படிகத்தை நீளமாக எடுத்தால் போதுமே என்று தோன்றும். போதாது.

அகச்சிவப்பு அலை படிகத்துக்குள் போகும் வழியெல்லாம் பச்சை பிறந்துகொண்டே இருக்கிறது. நுழைவாயிலில் பிறந்த பச்சையும் சற்று உள்ளே பிறந்த பச்சையும் முகட்டோடு முகடு சேர்ந்தால் வலுக்கும். ஆனால் ஒரு பொருளுக்குள் எல்லா நிறமும் ஒரே வேகத்தில் போவதில்லை; பட்டகம் வானவில் காட்டுவதே அதனால்தான். பச்சை பின்தங்கும், அகச்சிவப்பு முந்தும். முந்திச் சென்ற அகச்சிவப்பு பெற்றெடுக்கும் புதிய பச்சையின் முகடு, பின்னால் வரும் பழைய பச்சையின் பள்ளத்தின் மேல் விழும், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குவார்ட்ஸில் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் தூரத்துக்குள், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைத் தாண்டும் முன்பே, கூட்டல் முடிந்து கழித்தல் தொடங்கிவிடும். அதற்கு மேல் படிகம் எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை.

இதை ஊகமாக விடாமல் கண்ணால் காட்டியவர்கள் ஒரு கார் கம்பெனிக்காரர்கள். மிச்சிகனின் டியர்பர்ன் நகரில் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஓர் அறிவியல் ஆய்வகம் இருந்தது. ஒரகடத்துக்குப் பக்கத்து மறைமலை நகரில் 2022 வரை கார் செய்த அதே ஃபோர்டுதான். அங்கே மேக்கர், டெர்ஹியூன் குழுவினர் மெல்லிய குவார்ட்ஸ் தகட்டைக் கற்றையின் குறுக்கே வைத்து மெல்ல மெல்லத் திருப்பினார்கள். திருப்பத் திருப்ப ஒளி கடக்க வேண்டிய தூரம் கூடும். தூரம் கூடினால் இருமடங்கு அதிர்வெண் ஒளியும் கூட வேண்டும் என்பது பாமரக் கணக்கு. உண்மையில் அது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருவதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை. அந்த ஏற்ற இறக்கங்களுக்கு இன்றும் மேக்கர் வரிகள் என்றுதான் பெயர்.

தீர்வையும் அவர்களே 1962இல் சொன்னார்கள். பெல் ஆய்வகத்தின் ஜோசப் ஜியோர்டுமெய்ன் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. சில படிகங்களில் ஒளி எந்தப் பக்கவாட்டில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து அதற்கு இரண்டு வேகங்கள் உண்டு. இது இரட்டை ஒளிவிலகல். அதில் ஒரு வேகம் படிகத்துக்குள் நாம் போகும் திசையைப் பொறுத்து மாறும். தேடினால் ஏதோ ஒரு திசையில், ஒரு பக்கவாட்டில் அதிரும் அகச்சிவப்பும் அதற்குக் குறுக்கே அதிரும் பச்சையும் ஒரே வேகத்தில் போகும். அந்தத் திசை பார்த்துப் படிகத்தை அறுத்துவிட்டால், முதல் மைக்ரோமீட்டரில் பிறந்த பச்சையும் கடைசியில் பிறந்ததும் முகடு பிசகாமல் சேரும். இதற்குக் கட்டப் பொருத்தம் என்று பெயர். பத்துக் கோடியில் ஒன்றாக இருந்தது இன்று நல்ல கருவிகளில் பாதிக்கு மேல். ஒளித்துகள் கணக்கில் பார்த்தால் இரண்டு அகச்சிவப்புத் துகள்கள் மறைந்து ஒரு பச்சைத் துகள் பிறக்கிறது. ஆற்றல் கணக்கு சரியாக இருக்கும். கற்றையின் அடர்த்தியை இரட்டித்தால், மாற்றம் சிறிதாக உள்ளவரை, பச்சை நான்கு மடங்காகும். இது இந்த நிகழ்வின் கைரேகை. பரிசோதனைக்கூடத்தில் முதலில் இதைத்தான் சரிபார்ப்பார்கள்.

அந்த முதல் கட்டப் பொருத்தச் சோதனைகளில் பயன்பட்டது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சுருக்கமாகக் கேடிபி. பெயர் மிரட்டினாலும் பொருள் நம் உரக்கடையில் கிடைப்பது. சொட்டுநீரில் கலந்துவிடும் 0-52-34 என்ற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் உரம் இதுவேதான், தூய்மையில்தான் வேறுபாடு. அமெரிக்காவின் தேசிய எரியூட்டு மையத்தில் 192 லேசர் கற்றைகளின் நிறத்தை மாற்ற இந்த உப்பை நீர்க்கரைசலிலிருந்து 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒற்றைப் படிகங்களாக வளர்த்துப் பலகைபோல் அறுக்கிறார்கள். 2022 டிசம்பரில் அணுக்கரு இணைவில் உள்ளே போனதைவிட அதிக ஆற்றல் கிடைத்ததே, அந்த ஒளி இந்த உப்பின் வழியே வந்ததுதான்.

படிகம் வளர்ப்பதில் தமிழ்நாட்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான ஒரு கதை உண்டு. ஒரகடத்திலிருந்து கிழக்கே படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டினால் காலவாக்கம். அங்குள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியிலும் அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்திலும் பேராசிரியர் பெ. ராமசாமி ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். அவர்களும் அவர்களுடைய மாணவர்களும் தமிழ்நாட்டின் கல்லூரிகள் பலவற்றில் இந்த வேலையைப் பரப்பினார்கள். பெரிய உலையோ வெற்றிடக் கருவியோ வேண்டாம் என்பதால் பரவியது. அமினோ அமிலத்தையும் ஓர் உப்பையும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, வடிகட்டி, பீக்கரைத் துளையிட்ட தாளால் மூடி அசையாமல் வைத்தால் சில வாரங்களில் அடியில் படிகம் உட்கார்ந்திருக்கும்.

பீக்கரில் வளரும் படிகம் தன் இஷ்டத்துக்கு எல்லாப் பக்கமும் வளரும். நமக்கு வேண்டியதோ கட்டப் பொருத்தத் திசையில் நீளம். பெரிய படிகமாக வளர்த்து அந்தத் திசையில் அறுத்தால் பாதிக்கு மேல் வீண். கே. சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005இல் வெளியிட்ட முறை இதற்கு வழி சொன்னது. கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விதைப் படிகத்தை வேண்டிய திசை மேல்நோக்கி இருக்கும்படி பொருத்துகிறார்கள். மேலே செறிந்த கரைசல். குழாயின் மேல்பகுதியைச் சற்று அதிகமாகச் சூடாக்கினால் கரைப்பான் மேலே ஆவியாகும், கரைபொருள் கீழே இறங்கிப் படியும். படிகம் குழாயின் அகலத்தை நிரப்பிக்கொண்டு ஒரே திசையில் மேலே வளரும். அவர்கள் முதலில் வளர்த்தது பென்சோபீனோன். இருவர் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்.ஆர். முறை என்று உலக ஆய்வுக் கட்டுரைகளில் இன்று வழங்குவது இதுதான். விலை உயர்ந்த எதுவும் இதில் இல்லை என்பதே எனக்கு இதில் பிடித்த அம்சம்.

வளர்த்த படிகம் நிறத்தை இரட்டிக்கிறதா என்று எப்படித் தெரியும்? 1968இல் கர்ட்ஸும் பெர்ரியும் ஒரு சுலப வழி சொன்னார்கள். படிகத்தைப் பொடித்து மெல்லிய குழாயில் அடைத்து 1,064 நானோமீட்டர் துடிப்பைப் பாய்ச்ச வேண்டும். பச்சை வந்தால் படிகத்துக்குச் சமச்சீர் மையம் இல்லை. அதே அளவு கேடிபி பொடியோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு என்று சொல்லலாம். நம் கல்லூரிக் கட்டுரைகள் பலவற்றின் நன்றியுரையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பெயர் வருவது இந்தச் சோதனைக்காகத்தான். ஆனால் “கேடிபியைப் போல ஒன்றரை மடங்கு” என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடும் கட்டுரைகள் பாதிக் கிணறுதான் தாண்டுகின்றன. பொடியின் பருமனைக் கூட்டிக்கொண்டே போகும்போது பச்சை ஏறி நிலைத்து நின்றால் அந்தப் படிகத்தில் கட்டப் பொருத்தம் சாத்தியம். ஒரு கட்டத்துக்குப் பின் குறைந்தால் இல்லை. கர்ட்ஸும் பெர்ரியும் இதையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. இரண்டு பொருள்களைக் கரைத்து வைத்தால் அவை சேர்ந்து புதுப் பொருள் ஆகும் என்று உத்தரவாதம் இல்லை. குறைவாகக் கரையும் ஒன்று மட்டும் தனியே படிந்துவிடலாம். மிக்கேல் ஃபிளெக்கும் பெட்ரோஸ்யானும் 2010இல் ஜர்னல் ஆஃப் கிரிஸ்டல் குரோத் இதழில், அமினோ அமில உப்புகள் என்று அறிவிக்கப்பட்ட பல ‘புதிய’ படிகங்கள் உண்மையில் பழைய மூலப்பொருளே என்று வரிசையாக எடுத்துக் காட்டினார்கள். இந்தியக் கட்டுரைகளும் அதில் அகப்பட்டன. கசப்பான மருந்துதான். எக்ஸ் கதிர் கொண்டு அணு அடுக்கை முழுமையாகக் கண்டறியாமல் புதுப் படிகம் என்று பெயர் சூட்டக் கூடாது என்ற கண்டிப்புக்கு அது வலுச் சேர்த்தது.

பீக்கரில் ஒளிர்ந்ததெல்லாம் ஆலைக்குள் நுழைந்துவிடவும் முடியாது. அமினோ அமிலப் படிகங்கள் மென்மையானவை, பல ஈரத்தைக் குடிப்பவை, வெப்பத்தில் சிதைபவை. ஆலை லேசர்களில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது லித்தியம் டிரைபோரேட். சீனாவின் ஃபுஜியான் ஆய்வு நிறுவனத்தில் சென் சுவாங்தியான் குழுவினர் 1980களில் கண்டெடுத்தது இது. இதன் மூத்த சகோதரன் பேரியம் போரேட்டும் அங்கிருந்தே வந்தது. எந்த அணுக்கூட்டம் எலெக்ட்ரானுக்குக் கோணலைத் தரும் என்று முதலில் கணக்கிட்டு, பிறகு அத்தகைய போரேட்டுகளைத் தேடிப்போனார்கள். லித்தியம் டிரைபோரேட்டுக்கு ஒரு நல்ல குணம்: சுமார் 150 டிகிரி செல்சியஸில் வைத்தால் 1,064இலிருந்து 532க்கான பொருத்தம் படிகத்தின் முதன்மை அச்சு ஒன்றின் வழியிலேயே அமைந்துவிடும். கற்றை சற்றே சாய்ந்தாலும் பொருத்தம் கெடாது. அதனால் பச்சை லேசருக்குள் ஒரு குட்டி அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். காலையில் சுவிட்சைப் போட்டதும் முழு ஆற்றல் கிடைக்காமல் சூடேறக் காத்திருப்பது இதற்காகத்தான்.

போட்டி இல்லாமல் இல்லை. காலியம் நைட்ரைடு டயோடுகள் படிகத்தின் தயவின்றி 450 நானோமீட்டர் நீலத்தை நேரடியாகத் தருகின்றன. செம்பு அதை இன்னும் ஆவலாக விழுங்கும். ஆனால் அந்தக் கற்றையைப் பச்சை அளவுக்குக் கூர்மையாகக் குவிப்பது கடினம். மெல்லிய தகட்டில் நுண்ணிய தையல் போடப் பச்சை, அகலமாகப் போட நீலம் என்று வேலை பிரிந்து வருகிறது.

நிறம் மாற்றும் படிகங்களுக்குச் செம்பைவிடப் பழைய வாடிக்கையாளர் கைபேசித் தொழில். நெகிழும் மின்சுற்றுப் பலகைகளை அறுக்கவும் நுண்துளை இடவும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கரியாமல் எழுத்துப் பொறிக்கவும் 355 நானோமீட்டர் புற ஊதா லேசர் பயன்படுகிறது. அதற்குள் இரண்டு படிகங்கள். முதலாவது அகச்சிவப்பின் ஒரு பகுதியைப் பச்சையாக்கும். இரண்டாவது அந்தப் பச்சையையும் மிஞ்சிய அகச்சிவப்பையும் கூட்டிப் புற ஊதாவாக்கும். புற ஊதா தன்னைப் பெற்ற படிகத்தையே அரிக்கும். கற்றை வெளியேறும் இடத்தில் மேற்பரப்பு மெல்ல மங்கி ஆற்றல் குறையும். ஆகவே பல இயந்திரங்களில் இரண்டாவது படிகத்தை ஒரு சிறு மோட்டாரின் மேல் ஏற்றியிருப்பார்கள். ஆற்றல் குறைந்ததும் படிகம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும். புதிய இடத்தில் மறுபடி முழு ஆற்றல். முகப்பில் புள்ளி புள்ளியாக இடம் தீர்ந்த பிறகுதான் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுப் படிகத்தை மாற்றச் சொல்வார்கள்.